சுங்குடி மீன்

மகனுக்குப் பள்ளியில் ஏதோ கேம்ப். ஸ்லீப்பிங் பேக் தேடி அலமாரியின் மேல்தட்டிலிருந்த பெட்டியை இறக்கினேன். திறந்ததும் பாச்சை உருண்டை நெடி முகத்தில் அடித்தது. அடியில் நீ தைத்த மீன். நீலச் சுங்குடி உடம்பு, கறுப்புப் பொத்தான் கண். எட்டு வருடமாகியும் சாயம் போகவில்லை. நீ மடித்தபடியேதான் இருந்தது.

உனக்கு நான் எழுத வேண்டியிருந்தது இரண்டு வரி. நீ இருந்தவரை எழுதவில்லை. இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் அபார்ட்மெண்டில் நீ மேல் வீடு, நான் கீழ் வீடு. அமெரிக்கா வருமுன் உன் கணவரின் வேலைக்காக நான்கு வருடம் ஜப்பானில் இருந்தீர்கள். அங்கே மே மாதம் வந்தால், பிள்ளைகள் உள்ள வீடுகளில் துணியால் தைத்த கெண்டை மீன்களைக் கம்பத்தில் கட்டிப் பறக்கவிடுவார்களாம், பிள்ளை திடமாக வளரவேண்டும் என்று. என் மகனுக்கு முதல் பிறந்தநாள் வருகிறது என்றதும், ஒரு சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாய். சுங்குடிப் புள்ளியே செதில், தனியாக வரைய வேண்டாம் என்றாய். நல்ல சேலையாச்சே என்று நான் பதறுவதற்குள் கத்தரி பாதி தூரம் போய்விட்டது.

என் சாப்பாட்டு மேசையில் இரண்டு சனிக்கிழமை தைத்தோம். கம்பி ஹேங்கரை வளைத்து வாய்க்கு வளையம் செய்தாய். வாலை என்னிடம் விட்டாய். நான் சமர்த்தாக ஓரத்தோடு ஓரம் சேர்த்து மூடிவிட்டேன்.

"தலகாணி உறையாடி தைக்கிற? வாய் வழியா போற காத்து வால் வழியா வெளிய வரணும். இல்லன்னா வீங்கிப்போய்த் தொங்கும்."

நான் போட்ட தையலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டேதான் அதையும் சொன்னாய். மூன்று முறை கரு தங்கவில்லை. ஜப்பானில் இரண்டு, இங்கே ஒன்று. தலை நிமிரவில்லை. ஒரு மீனாவது தைத்துப் பார்க்க ரொம்ப நாள் ஆசை என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பிடி பொய்யில்லை. ஆனால் மனசின் ஒரு மூலை அதைக் கேட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டது.

பிறந்தநாளன்று நீயே பால்கனியில் கட்டினாய். மறுநாள் பிள்ளைக்கு ஜுரம் நூற்றிரண்டு. காதில் இன்ஃபெக்ஷன், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். திருச்சியிலிருந்து அம்மா போனில், யார் யார் வந்தார்கள், யார் தூக்கினார்கள் என்று கேட்டாள். உன் பெயரைச் சொன்னேன். பெயரோடு நிறுத்தியிருக்கலாம். நீ என்னை நம்பிச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சுத்திப் போடு என்றாள். அம்மா மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்த்திருக்கிறேன், பல வருடம். ஆனால் மீனை இறக்கச் சொன்னது அம்மா இல்லை. அது என் யோசனை.

மீனை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, கல்லுப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றி வாணலியில் கொட்டினேன். மேலே ஸ்மோக் அலாரம் இருக்கிறது என்ற நினைப்பே இல்லை. அது அலறியது. நீ செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாய். நாற்காலியில் ஏறி, அதில் கிடந்ததை எடுத்து விசிறு விசிறென்று விசிறினாய். சத்தம் நின்ற பிறகுதான் கையில் இருப்பது என்ன என்று பார்த்தாய். பிறகு அடுப்பைப் பார்த்தாய். கருகிய மிளகாயைப் பார்த்தால் நம் ஊர்ப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டுமா என்ன?

இருவரும் இருமிக்கொண்டு நின்றோம். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது என்பாள் அம்மா. அதையாவது நான் நம்பியிருக்கலாம்.

மீனை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாய்.

"புள்ளைக்கு ஜுரம் எறங்கிடுச்சா?"

அவ்வளவுதான் கேட்டாய்.

அதன் பிறகும் சண்டை இல்லை, பேச்சு நிற்கவில்லை. கறிவேப்பிலை கேட்டு வருவாய். என் மகன் தத்தித் தத்தி உன்னிடம் ஓடிவந்தால் மட்டும், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாய். குனிந்து கொஞ்சுவாய், சிரிப்பாய், தூக்க மாட்டாய். 'தூக்கிக்கோடி' என்று ஒரு தடவை நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அடுத்த வருடம் டெக்சாஸில் இர்விங்குக்கு மாற்றிக்கொண்டு போனீர்கள். போன தை மாதம் நீ தவறிவிட்ட செய்தியை வாட்ஸ்அப் குரூப்பில் படித்தேன். எல்லாரும் போட்ட கைகூப்பும் படத்தை நானும் போட்டேன்.

இன்று மகன் மீனின் வாய்க்குள் கையை விட்டு, வால் வழியாக விரலை ஆட்டிக்கொண்டே, யார் செய்தது என்று இங்கிலீஷில் கேட்டான். என் ஃப்ரெண்ட் உனக்காகத் தைத்தது என்றேன். அப்புறம் ஏன் பெட்டியில் இருக்கிறது என்றான். அவங்களைப் பார்த்து அம்மா பயந்துட்டேன் என்றேன்.

"வாஸ் ஷி அ பேட் பெர்சன்?"

"இல்ல கண்ணா. அம்மாதான்."

மீனைப் பால்கனிக்குத் தூக்கிக்கொண்டு போனான். இருவருமாகக் கட்டினோம். கொஞ்ச நேரம் துவண்டு கிடந்துவிட்டு, காற்று வந்ததும் உடம்பு நிறைந்து எழுந்தது. வால் வழியாகக் காற்று போய்க்கொண்டே இருந்தது. மீனை ஒருவழியாக வெளியே எடுத்துவிட்டேன். நீ பின்னால் கட்டிக்கொண்ட அந்த இரண்டு கைகளை அவிழ்க்கத்தான் இனி எனக்கு வழியில்லை.