மூன்று முறை விழுந்த தம்ளர்

திண்டுக்கல்
18.8.2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

"இத்தனை நாளும் நான் பேசினது எதுவுமே அவளுக்குக் கேக்கலையா அக்கா?" என்று கேட்டு எழுதியிருக்கிறாய். எனக்குப் பதில் தெரியவில்லை. எதைக் கேட்டாலும் ஒரு பதில் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. இந்த முறை தெரியவில்லை என்றுதான் எழுத முடிகிறது.

அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு கொடுத்த சீட்டை இரண்டு முறை படித்தேன். "காது கேட்கும் திறன் பரிசோதனை தேவை." பரிசோதனை தேவை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். காது கேட்காது என்று எழுதவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. எழுதியிருப்பதற்கு மேல் நீ எதையும் படித்துக்கொள்ளாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

வேனிலுக்கு ஒன்றே முக்கால் வயதில், "இன்னும் ஒரு வார்த்தைகூட வரலையே அக்கா" என்று நீ அழுதாய். "ஒவ்வொரு பிள்ளையும் அதனதன் வேகத்துல வளரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடாதே" என்றேன். பி.எட். மாணவிகளுக்கு முதல் அலகில் இருபத்திரண்டு வருடமாக நான் நடத்துகிற பாடம் அது. இப்போது அவளுக்கு மூன்றே முக்கால். அன்று அந்த ஒரு வரியைச் சொல்லாமல், "எதற்கும் ஒரு தரம் காட்டிவிடு" என்று சொல்லியிருக்கலாம். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்றும் தெரியவில்லை.

சமையற்கட்டில் அவள் உனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை கூப்பிட்டுப் பார். உன் நிழல் அவள் முன்னால் விழக் கூடாது. கால் அதிர நடக்கவும் கூடாது. என்ன நடந்தது என்பதை மட்டும் எழுது.

போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். பிறகு நாம் இருவரும் வானிலை பற்றிப் பேசிக்கொள்கிறோம். கடிதமே நல்லது. உங்கள் மில் பஸ் கல்லூரி நிறுத்தத்தில் நிற்கும்போது டிரைவர் காத்தமுத்து அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். டப்பாவில் வேனிலுக்கு முறுக்கு இருக்கிறது.

அக்கா
ஆனந்தி


வேடசந்தூர்
20.8.2025

அன்பு அக்காவுக்கு,

முறுக்கு வந்து சேர்ந்தது. டப்பாவைக் கண்டதுமே உன் மகள் (எனக்கு மகள் என்பதைவிட அவள் உனக்குத்தான் மகள், முறுக்கு விஷயத்தில்) கைதட்டினாள். உன் கடிதம் மட்டும் எப்போதும்போல் கல்லூரிச் சுற்றறிக்கை மாதிரி இருந்தது. பரவாயில்லை, நீ அப்படி எழுதினால்தான் என்னால் கடைசிவரை படிக்க முடிகிறது.

நீ சொன்னபடியே கூப்பிட்டேன். நேற்றுச் சாயங்காலம் வெங்காயம் வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று "வேனில்" என்றேன். திரும்பவில்லை. சத்தமாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மூன்றாவது தரம் நான் கத்தியதில் வாசலில் இருந்த அவர் ஓடிவந்தார். அவர் வந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். அவரைப் பார்த்துத்தான் சிரித்தாள் அக்கா.

அவரோ, "வெங்காயத்துல கவனமா இருந்திருப்பா. போன தீபாவளிக்கு வெடிச் சத்தத்துக்குத் திரும்புனால்ல? காது கேக்காத புள்ள எப்படித் திரும்பும்? ஏன், நானே அஞ்சு வயசு வரைக்கும் பேசலையாம். இப்ப பேச்ச நிறுத்த முடியுதா?" என்று சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை என்றதும், "ஒங்க அக்காவே சொல்லிருச்சு. அம்புட்டுப் படிச்சு, வாத்தியாருக்கே பாடம் எடுக்குறது அது. அதுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்று முடித்துவிட்டார். இரண்டு வருடமாக இந்த வீட்டில் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உன் பேரைத்தான் எடுத்து என் வாயில் அடைக்கிறார்கள். உன்மேல் கோபம் என்று எழுத மாட்டேன். ஆனால் வருத்தம் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. பிப்ரவரியில் அங்கன்வாடிக்கு ஆசிரியர் பயிற்சிப் பெண் ஒருத்தி நாலு நாள் வந்தாள். நான் கூப்பிடப் போனபோது, வேனில் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு எவர்சில்வர் தம்ளரைத் தரையில் போட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் திரும்பின. "பாப்பா இப்பிடித்தான் இருக்குமாக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்கும் ஒருமுறை வந்து அவரிடம் ஏதோ பேசினாள். அதன் பிறகு வரவேயில்லை. அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றாமலா இருந்தது? என்னைப் பேச விடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சீட்டு வந்ததும் அவரும் கொஞ்சம் பயந்திருக்கிறார். செப்டம்பர் மூன்றாம் தேதி திண்டுக்கல்லில் பரிசோதனை. டப்பாவைக் காலியாகத் திருப்ப மனசு வரவில்லை. அவித்த கடலை வைத்திருக்கிறேன்.

உன்
தமிழ்


திண்டுக்கல்
22.8.2025

அன்புள்ள தமிழ்மதிக்கு,

இந்தக் கடிதத்தை மில்லில் படிக்காதே. உட்கார்ந்து படிக்க இடம் கிடைக்கும்போது படி.

எங்கள் மாணவிகள் முதலாண்டில் ஒரு குழந்தையைக் கவனித்துப் பதிவேடு எழுத வேண்டும். குழந்தையின் பெயரையோ ஊரையோ எழுதக் கூடாது, ஏதாவது ஓர் எழுத்து போதும் என்பது நான் கொண்டுவந்த கண்டிப்பு. பெரும்பாலான மாணவிகள் எந்தக் குழந்தையையும் பார்ப்பதில்லை. சீனியரின் பதிவேட்டை வாங்கி வயதை மாற்றி எழுதிவிடுவார்கள். எல்லாக் குழந்தையும் சரியாக வளரும், எல்லாக் குழந்தைக்கும் நிலாச்சோறு பிடிக்கும். தெரிந்தே கையெழுத்துப் போடுகிறோம்.

பிப்ரவரியில் பொன்னழகு என்ற மாணவி தந்த பதிவேடு அப்படி இல்லை. "குழந்தை இ., பெண், வயது மூன்று. பின்புறம் தம்ளரை மூன்று முறை போட்டேன். மற்றவர்கள் திரும்பினர். இ. திரும்பவில்லை. அவள் பேசுகிறவரின் வாயையே பார்க்கிறாள். காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். அந்தப் பத்தி முழுவதையும் நான் சிவப்பு மையால் அடித்தேன். ஓரத்தில், "ஆசிரியர் மருத்துவர் அல்லர். தலைப்புகளின்படி திருத்தி எழுதுக" என்று எழுதினேன். அவளும் திருத்தி எழுதினாள். இரண்டாவது பதிவேட்டில் இ. எல்லாக் குழந்தைகளையும் போல இருந்தாள். நல்ல மதிப்பெண் போட்டேன்.

இ. யார் என்பது உன் கடிதத்தில் தம்ளர் என்ற சொல்லைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அது இன்னும் மோசம். யார் பிள்ளையாக இருந்தாலும் அடித்திருக்கக் கூடாது.

மொழி வருவதற்கு என்று ஒரு பருவம் உண்டு, அதைத் தவறவிட்டால் பிறகு இரட்டிப்புப் பாடு என்று மூன்றாவது அலகில் நானே நடத்துகிறேன். உனக்கு முதல் அலகைச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. ஒரே நோட்டில் இருபது பக்கம் தள்ளி இருக்கிறது.

மூன்றாம் தேதி நான் விடுப்பு எடுத்திருக்கிறேன். வரச் சொன்னால் வருகிறேன். முறுக்கு அனுப்புகிறேன்.

ஆனந்தி


வேடசந்தூர்
25.8.2025

அக்காவுக்கு,

படித்தேன். அவரிடமும் படித்துக் காட்டினேன். எழுந்து வெளியே போனவர் ஒன்பது மணிக்குத்தான் வந்தார். சாப்பிடவில்லை.

மூன்றாம் தேதி நீ வர வேண்டும். பிள்ளை தூங்கினால்தான் அந்தப் பரிசோதனை செய்ய முடியுமாம். அதனால் விடியற்காலை நாலு மணிக்கே எழுப்பி, மருந்து கொடுக்கும் வரை தூங்க விடக் கூடாதாம். அது உன் வேலை. உள்ளே ஒருவரைத்தான் விடுவார்களாம். அதற்கும் நீயே போ. பொறுத்திருக்கச் சொன்னது நீ. அவர்கள் சொல்வதை நீயே கேட்டுக்கொள். என்னால் முடியாது.

டப்பா காலியாக வருகிறது. மறதியால் அல்ல.

தமிழ்மதி


திண்டுக்கல்
3.9.2025, மாலை

அன்புள்ள தமிழ்மதிக்கு,

அறையை விட்டு நான் வெளியே வந்தபோது நீ எதுவும் கேட்கவில்லை. அறிக்கையை மாப்பிள்ளை கையில் வாங்கிக்கொண்டார். நீ பிள்ளையை வாங்கிக்கொண்டாய். பஸ் வந்ததும் ஏறிவிட்டீர்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவளை விழிக்க வைத்தது உனக்குத் தெரியும். பதினோரு மணி வரை மருத்துவமனை நடையில் அவளும் நானும் எத்தனை தரம் போய் வந்தோம் என்று எண்ணவில்லை. கண் செருகும்போதெல்லாம் முறுக்கு டப்பாவைத் திறந்து காட்டினேன். மருந்து குடித்த பிறகு என் தோளில் தூங்கினாள்.

நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். காதில் சத்தம் கொடுக்கக் கொடுக்க, மூளைக்கு அது போய்ச் சேர்கிறதா என்று திரையில் கோடு வரும். பரிசோதனை செய்த அம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கோடு அசையவே இல்லை. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால் அசையாத கோட்டைப் படிக்கப் படிப்பு தேவையில்லை. கடைசியில் இடது காதில் மட்டும் சின்னதாக ஒரு மேடு வந்தது.

"மொதல்ல எப்ப சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"ஒன்றே முக்கால் வயதில். அவள் அம்மாவுக்கு."

"அப்புறம் ஏன் இம்புட்டு நாள் வரல?"

"நான்தான் பொறுக்கச் சொன்னேன்."

"நீங்க யாரு?"

"பெரியம்மா. பி.எட். கல்லூரியில் குழந்தை வளர்ச்சிப் பாடம் நடத்துகிறேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்.

வலது காதில் கேட்பதில்லை. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. வெடிக்குத் திரும்பியது அதனால்தான். முதலில் இரண்டு காதுக்கும் கருவி, கூடவே பேச்சுப் பயிற்சி. மூன்று மாதம் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சை பற்றி முடிவு செய்வார்களாம். அதற்கான வயது இன்னும் தாண்டவில்லை. "முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். இப்பவும் வந்துட்டீங்க" என்றார். இரண்டு வாக்கியத்தையும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

நீ முதலில் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டேன். இத்தனை நாளும் அவள் அம்மா பேசியது கேட்டிருக்குமா என்று. "சாதாரணமாப் பேசுனது கேட்டிருக்காது. இடது காதுகிட்ட வந்து கத்தியிருந்தா ஒருவேளை" என்றார். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். உனக்காக மறுபடியும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, ஒரு வரியை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

கருவிக்குக் காதின் அச்சு எடுக்க அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அழைப்பார்கள். என்னை வரச் சொல்வாயா என்று தெரியவில்லை. நாளை முதலாண்டு வகுப்பு. முதல் அலகு. அதை எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

4.9.2025

கடிதத்தை நேற்று மூடவில்லை. இன்று நடந்ததையும் சேர்க்கிறேன்.

வகுப்பில் எப்போதும்போல் வருகை எடுத்தேன். "ஒவ்வொரு குழந்தையும் அதனதன் வேகத்தில் வளரும்" என்று எழுதச் சொன்னேன். கீழே, "சந்தேகம் வந்தால் அன்றைக்கே காட்டு" என்று எழுதச் சொன்னேன். "மேடம், ரெண்டாவது வரி புத்தகத்துல இல்லையே?" என்று ஒருத்தி கேட்டாள். "இல்லை. எழுது" என்றேன்.

மதியம் பொன்னழகைக் கூப்பிட்டேன். பழைய பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நான் அடித்த பத்தியின் பக்கத்தில் "அடித்தது தவறு" என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குப் புரியவில்லை.

"அந்தப் பாப்பா வீட்டுக்கும் போனேன் மேடம். அவ அப்பாகிட்ட சொன்னேன். அவ பெரியம்மா காலேஜ்ல இதே பாடம் நடத்துறாங்களாம், அவங்களே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களாம். அதுக்கு மேல நான் என்ன பேசுறது, வந்துட்டேன்" என்றாள்.

"அந்தப் பெரியம்மா நான்தான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "பாப்பா இப்ப எப்படி இருக்கா மேடம்?" என்று கேட்டாள். சொன்னேன். நீ அனுமதித்தால் வந்து பார்க்கிறேன் என்றாள்.

மாலை ஐந்தே முக்காலுக்கு மில் பஸ் நின்றது. காத்தமுத்து அண்ணன் இறங்காமலே ஜன்னல் வழியாக டப்பாவை நீட்டினார். "லெட்டர் இல்ல டீச்சரம்மா. தங்கச்சி இத மட்டும்தான் குடுத்துச்சு." பஸ் போய்விட்டது.

நேற்று நீ கையோடு கொண்டுபோன டப்பா. கழுவித் துடைத்திருந்தாய். கனம் இல்லை. காலியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் அங்கேயே நின்று திறந்தேன்.

அடியில் பாதி முறுக்கு கிடந்தது. கடித்த பக்கத்தில் சின்னப் பற்களின் தடம். டப்பாவைக் கழுவியது நீ. உள்ளே அதைப் போட்டது நீயா, நீ பார்க்காதபோது அவளா என்று தெரியவில்லை.

நிறுத்தத்திலேயே நின்று அதைச் சாப்பிட்டேன்.

ஆனந்தி