எவர்சில்வர் மெட்டியை வெட்ட எந்த வீல், அப்பா?

என் ஆசை அப்பாவுக்கு, பாசம் பாதி கோபம் பாதியாக உங்கள் மகள் எழுதுவது.

நீங்கள் தை மாதம் போனீர்கள். மாடி அறையில், வீல் மாட்டிக் கையில் பிடித்து வெட்டுகிற உங்கள் ரோட்டரி மிஷின் அதே ஆணியில்தான் தொங்குகிறது. இடையில் ஒரே ஒருமுறை அதைக் கீழே இறக்கினேன். எதற்காக என்று உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. பத்துப் பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். உங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து எதையாவது அறுத்து, ராவி, செய்து பார்க்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள் அல்லவா?

மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அந்த மிஷினை வாங்கினீர்கள். பழைய ஸ்பூன் சைக்கிளாயிற்று, போல்ட் நட்டு மயிலாயிற்று. நீங்கள் வெட்டுவீர்கள், நான் ராவுவேன். பிறகு நானும் வெட்டப் பழகினேன். அதோடு நின்றிருக்கலாம். உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மாவின் மெட்டியையும் நானே செய்கிறேன் என்று கிளம்பினீர்கள்.

காரணம் நல்ல காரணம்தான். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு மலை சுற்றுகிற அம்மாவுக்கு வெள்ளி மெட்டி தேய்ந்துகொண்டே போனது. எவர்சில்வர் பைப்பில் இரண்டு வளையம் அறுத்தீர்கள். கடை மெட்டிக்கு அடியில் ஒரு வெட்டு இருக்கும். விரல் வீங்கினால் கொஞ்சம் விரித்துக்கொள்ளலாம். அந்த வெட்டு புடவையில் மாட்டி நூலை இழுக்கிறது என்று நீங்கள் முழு வளையமாகவே செய்து, கண்ணாடி மாதிரி பாலிஷும் போட்டுவிட்டீர்கள். வந்தவர்கள் எல்லாரும் வெள்ளி என்றே நினைத்தார்கள். நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பத்தாம் நாள் காரியத்தில் அத்தைதான் முன்னால் நின்று அம்மாவின் மெட்டியைக் கழற்றினார். வலது கால் மெட்டி சோப்பு போட்டதும் வந்துவிட்டது. இடது கால் மெட்டி வரவே இல்லை. எண்ணெய் தடவினார்கள், நூல் சுற்றி இழுத்தார்கள். கடைசியில் நகை செய்கிற பத்தரைக் கூப்பிட்டார்கள். அவர் நகை வெட்டும் கத்திரியை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, கத்திரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வெள்ளி இல்லம்மா, எவர்சில்வரு. என் கத்திரி வாயே போச்சு."

அத்தைக்கு முகம் கறுத்துவிட்டது. "எந்தம்பி ஒரு வெள்ளி மெட்டிக்கா வக்கில்லாம இருந்தான்?"

அப்போதுதான் அம்மா பேசினார். "அவரு கையால செஞ்சது. வரலன்னா வுட்டுடுங்க, இருந்துட்டுப் போவுது."

எனக்கு உள்ளுக்குள் குதித்துக் கூத்தாட வேண்டும் போல இருந்தது, அப்பா. சாவு வீட்டில் அப்படித் தோன்றலாமா? தோன்றியது. ஊரே சேர்ந்தும் உங்களைக் கழற்ற முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்த பிறகு அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியது. மாத்திரை கேட்டால் "போட்டாச்சு" என்பார். எப்போது பார்த்தாலும் புடவையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மலை சுற்றுவதை நிறுத்தினார். துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனி மாதத்தில் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒரு வாடை அடித்தது. பிடிவாதமாகப் புடவையை விலக்கிப் பார்த்தேன். மெட்டி இருந்த விரல் ஊதிக் கறுத்திருந்தது. மெட்டி சதைக்குள் புதைந்து, பளபளப்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது.

அடுத்த தெருவில் புதிதாக வந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா பார்த்ததுமே சொல்லிவிட்டார். "ரத்தமே போவல. இன்னிக்கே இத எடுக்கணும். இல்லன்னா வெரலோட நிக்காது, காலுக்கு ஏறிடும்." அவரிடம் இருந்த மோதிரம் வெட்டுகிற கருவி வழுக்கிக்கொண்டே போனது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். அன்றைக்குப் பௌர்ணமி, வண்டிகள் எல்லாம் மலைப் பாதையில் நின்றன. வேலூர் போகலாம் என்றால் ஊரைவிட்டு வெளியேறவே வழியில்லை, அத்தனை கூட்டம்.

"எங்கப்பா மிஷின் ஒண்ணு இருக்கு மேடம்," என்றேன்.

"நீங்க ஓட்டுவீங்களா?"

"ஸ்பூனு, பைப்பெல்லாம் வெட்டியிருக்கேன். வெரல் மேல வெட்டினதில்ல."

அவர் அம்மாவின் விரலை இன்னொரு முறை பார்த்தார். "எடுத்துட்டு வாங்க. வெரல நான் புடிச்சிக்கிறேன்."

வீட்டுக்கு ஓடி மாடி ஏறினேன். உங்கள் டப்பாவைத் திறந்தால் அத்தனை வீல். எதை எடுப்பது? பல் வைத்த இரும்பு வீலைத் தொடவே இல்லை, அது மரத்துக்கு. மெல்லிய பழுப்பு நிற வீல் எவர்சில்வரைச் சுலபமாக வெட்டும், ஆனால் கை ஒரு நூல் சாய்ந்தால் உடைந்து சிதறும். ஒருமுறை உங்கள் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததே. உள்ளே நார் வலை வைத்த வீல் அப்படி உடையாது. "இரும்புன்னா நார் வீலு, கண்ண மூடிக்கினு எடு. இரும்புல வைர வீலப் போட்டா வீலுதான் தேயும்," என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! என் கையும் அதைத்தான் எடுத்தது. படியில் பாதி இறங்கியும் விட்டேன்.

அப்போதுதான் உறைத்தது. நார் வீல் வெட்டினால் பொறி பறக்கும், வளையம் பழுக்கக் காயும். பட்டறையில் என்றால் சுட்டதும் கையை இழுத்துக்கொள்வோம். சர்க்கரையில் அம்மாவின் கால் மரத்துக் கிடக்கிறது. சுட்டால் அவருக்குத் தெரியவே தெரியாது. வெந்த பிறகுதான் எனக்குத் தெரியும். உங்கள் பேச்சு தப்பில்லை அப்பா. அது இரும்பை மட்டும் நினைத்துச் சொன்ன பேச்சு. திரும்ப மேலே ஏறி, வைரத்தூள் ஒட்டிய அந்த வைர வீலை எடுத்தேன். வேகத்தைக் குறைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே பிடித்தால் அது மெதுவாகத் தேய்த்தே அறுக்கும். உடையாது, சதையைக் கவ்வாது. தேய்ந்தால் தேயட்டும் என்றுதான் எடுத்தேன்.

நர்சம்மா மெட்டிக்கும் சதைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகினார். ஊசிக் குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். நான் வெட்டினேன். கொஞ்சம் வெட்டுவது, நிறுத்துவது, தொட்டுப் பார்ப்பது. "சுடுதாம்மா?" என்று கேட்டால், "தெரியலடி," என்றார். திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொன்னார். எவர்சில்வர் விரிந்து கொடுக்காது என்பதால் எதிர்ப்பக்கமும் வெட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது வீலும் தேய்ந்துபோனபோது மெட்டி இரண்டு துண்டாக டிரேயில் விழுந்தது.

விரல் பிழைக்கவில்லை, அப்பா. மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். கால் தப்பியது. இப்போதைக்குத் தப்பியது என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார்.

கழற்றவே முடியாதபடி ஏன் செய்தீர்கள்? அடியில் ஒரு சின்ன வெட்டு விட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்? புடவையில் நூல் போனால் போகட்டுமே. இதைக் கேட்டு உங்களிடம் சண்டை போட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

ஆனால் நேற்றுக் கட்டு மாற்றும்போது அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "அந்த மெட்டிய வெட்டிடுவாங்கன்னுதான காலக் காட்டாம மறைச்ச?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "மெட்டிக்காவ இல்லடி. ரணம் ஜாஸ்தியானா அதோடவே போயிடலாம்னு பாத்தேன். மாத்திரைய கூட போடல. நீதான் மிஷினத் தூக்கினு வந்துட்ட."

நான் பாதிக் கட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.  அதற்குப் பிறகு உங்களோடு என்ன சண்டை போடுவது?

இனி மாத்திரையை என் கையால் கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன். தினமும் அந்தக் காலைப் பார்ப்பேன், திட்டினாலும் பார்ப்பேன். என்னால் ஆனது அவ்வளவுதான். மிச்சம் உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் சொன்னால் மட்டும்தான் அம்மா கேட்பார். ஒருநாள் நான் கண் அசந்த நேரத்தில் அவர் உங்களைத் தேடிக்கொண்டு அங்கே வந்து நின்றால், உட்காரச் சொல்லாதீர்கள் அப்பா. வீட்டில் பொண்ணு தனியாக இருக்கிறாள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் ஒரே மகள்,
கோமதி
வேங்கிக்கால், திருவண்ணாமலை