பெரட்டுக்கு வந்த சொற்கள்

ஒக். 7, திங்கள்

காலையிலிருந்தே தூறல். கஹவத்தை பஸ்ஸில் உட்கார இடமில்லை.

இரத்தினபுரிப் பட்டறையில் கொடுத்த கையேட்டை ஒருவழியாகப் படித்து முடித்தேன். சொல்வளம் பெருக்கும் உத்திகள். எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் நான் கலைச்சொற்கள் எடுக்கும் தொழில்நுட்ப வகுப்புக்கும் வணிக வகுப்புக்கும் ஆகுமாம். சொல் அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது, வகை பிரிப்பது, ஒரு பொருள் எது என்பதோடு எது அல்ல என்றும் சொல்ல வைப்பது. எத்தனையோ பட்டறை பார்த்தாயிற்று. தேநீர் நன்றாக இருந்தது.

ஆனால் சொல்தான் சிக்கல். பாடநூலில் கொள்ளளவி, வேலைத்தலத்தில் கெப்பாசிட்டர். வயரிங் சொல்லித்தரும் சிரிபால மாஸ்டர் பாதி சிங்களத்தில் விளக்குகிறார். பிள்ளைகளுக்கு எல்லாம் அரைகுறை.

வயரிங் வகுப்புத் திலகா போன வாய்மொழித் தேர்வில் தவறிவிட்டாள். மாஸ்டர் இன்று சொன்னார்: “அது கை நல்ல கை மிஸ். வாய்தான் இல்ல.” நடந்தது இது. தேர்வாளர் மோட்டாரைக் காட்டி, “சுவிட்ச் நிறுத்தியாச்சு, இனித் தொடலாம்தானே?” என்றிருக்கிறார். வேண்டுமென்றே வைத்த பொறி. இவள், “ஆமாங்க சேர்.” கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கி நிற்கும், அதை வெளியேற்றாமல் தொட்டால் அடிக்கும். வகுப்பில் தன் கையாலேயே வெளியேற்றியவள்.

கூப்பிட்டுக் கேட்டேன்.

“தெரியாதா?”

“தெரியும் மிஸ்.”

“பிறகு ஏன் ஆமாங்க?”

“சேர் சொல்றாங்க. எப்பிடி மிஸ் இல்லன்னு சொல்றது?”



மறுதேர்வு 16இல். சான்றிதழ் கிடைத்தால் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மின் உதவியாளர் வேலை. கிடைக்காவிட்டால் கொழும்பில் வீட்டு வேலை; அத்தை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாளாம்.

ஒக். 8, செவ்வாய்

அட்டைகள் ஒட்டினேன். சுவர் ஈரம். பத்து மணிக்குள் பாதி தரையில்.

“விளங்குதா?” “ஆமாங்க மிஸ்.” எல்லோரும் ஒரே குரலில். விளங்கவில்லை. பின்னேரம் வணிக வகுப்பு, பற்று வரவு. அங்கும் அதே கோரஸ்.

வாங்க: நல்ல பசை, கறிவேப்பிலை, அம்மாவுக்குக் கண் மருந்து.

ஒக். 10, வியாழன்

வெயில், அதிசயமாக.

சாப்பாட்டு நேரத்தில் வயரிங் வகுப்பிலிருந்து கூச்சல். ஜன்னலால் பார்த்தேன். மேரி, வகுப்பின் வாயாடி, வாங்குப் பலகையின் மேல் நிற்கிறாள். கக்கத்தில் என் குடை. கையில் என் அட்டைகள். தோட்டத்தில் காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு நடக்கிறது, இவள் கங்காணி.

“உருகி!”

“வந்திருக்கேங்க!” இது சுகன்யா, ஃபியூஸ் அட்டைக்கு.

“என்னா வேல?”

“கரண்ட் கூடிப் போச்சுன்னா உருகி அறுந்துருவேங்க!”

“போடு பேரு. கொள்ளளவி!... கொள்ளளவி! என்னா, லய வீட்டுல தூங்குறியா? அரப் பேருதான் ஒனக்கு!”

அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம். திலகா உட்பட எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னைக் கண்டதும் மேரி குதித்து இறங்கினாள். நிறுத்த வேண்டாம் என்றேன். என் குரலில் அது அதட்டலாகத்தான் கேட்டிருக்கும். ஒருவரும் அசையவில்லை.

ஒக். 11, வெள்ளி

பாடமாகவே பெரட்டு வைத்தேன். ஒரு மாற்றம்: கங்காணி மேரிதான், ஆனால் பிழையான வேலைதான் கொடுப்பாள்.

“உருகி, இன்னிக்கு நீ கரண்ட சேத்து வை.”

சுகன்யா: “சரிங்க கங்காணி.”

வகுப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள். நிஜப் பெரட்டில் யார் மறுத்துப் பேசுகிறார்கள்? ஆகவே விதி எழுதினேன்: சரிங்க என்றால் அரைப் பேர். இல்லைங்க என்று சொல்லி, அது யாருடைய வேலை என்றும் சொன்னால் முழுப் பேர். கையேட்டின் ‘எது அல்ல’ பக்கம்தான் இது. பென்சிலால் ஒரு சரி போட்டேன். சிறியதாக.

திலகாவுக்குக் கொள்ளளவி.

“கொள்ளளவி, சுவிட்ச நிறுத்தியாச்சு. நீ வீட்டுக்குப் போலாம்.”

தன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். “...இல்லைங்க.”

“சத்தமா! மலைக்குக் கேக்கணும்!”

“இல்லைங்க கங்காணி! கரண்ட் இன்னும் எங்கிட்டதான் இருக்கு! தொட்டா அடிப்பேன்!”

மேரி வாங்கிலிருந்து பாய்ந்தே விட்டாள்.

ஒக். 14, திங்கள்

வணிகப் பிள்ளைகள்: “எங்களுக்கும் பெரட்டு வைங்க மிஸ்.” வைத்தேன். “தேய்மானம், போய் பேங்குல காசு எடுத்துட்டு வா.” “இல்லைங்க, நான் சாமான் பழசாகுற கணக்கு, எங்கிட்ட ஏது காசு!” போன தவணை முழுக்க விளங்காத பாடம்.

மகிழ்ச்சி அதிக நேரம் நிற்கவில்லை. மேரியிடம் ‘இல்லை’ சொல்வது வேறு, தேர்வாளரிடம் சொல்வது வேறு. மாஸ்டரிடம் தேர்வாளராக நடிக்கச் சொன்னேன். “ஹரி மிஸ், சரி, நான் தொரை,” என்று சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்தார். திலகாவிடம் அதே கேள்வி.

“ஆமாங்க மாஸ்டர்.”

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். மாஸ்டர் சட்டையை வெளியே எடுத்து விட்டார்.

ஒக். 15, செவ்வாய்

பௌர்ணமிப் போயா விடுமுறையோ என்று நினைக்கும்படி அமைதி. பிள்ளைகளுக்குப் படிக்க விடுமுறை. திலகா மட்டும் வந்திருந்தாள். வயரிங் வகுப்பில் தனியாக, மோட்டாருக்கு முன்னால், முணுமுணுப்பு. உள்ளே போகவில்லை. ஒரு பிளேன்டீயை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒக். 16, புதன்

மழை கொட்டுகிறது. அதே தேர்வாளர். எனக்கு உள்ளே அனுமதி இல்லை. ஜன்னலோரம் நின்றேன். நாகரிகமில்லைதான்.

தண்ணீர்ப் பம்ப் மோட்டார். மூடியைத் திறந்தாயிற்று.

“மெயின் சுவிட்ச் நிறுத்திட்டேன். இனிக் கைய வைக்கலாம்தானே?”

திலகா தலை குனிந்தாள். வாய் ‘ஆ’ என்று திறந்தது, கண்ணால் கண்டேன். தேர்வாளர் கையை நீட்டினார்.

“இல்லைங்க சேர்!”

பெரட்டுக் குரல். எதிரே வணிக வகுப்பில் பாடமே நின்றுவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏன்?”

“கொள்ளளவியில, கெப்பாசிட்டர்ல, கரண்ட் தங்கியிருக்குங்க சேர். மொதல்ல அத வெளியேத்தணும்.” செய்தாள்.

“அப்ப இப்பத் தொடலாம்?”

“பொறுங்க சேர்.” மீட்டர் வைத்துப் பார்த்தாள். “இப்பத் தொடுங்க.”

தொட்டார். எழுதினார். “பாஸ், மகள். ஆனா கத்த வேணாம்.”

“சரிங்க சேர்.”

திலகா வெளியே வந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேரி வாங்கைத் தேடக்கூட நில்லாமல் மழைக்குள் நின்று கத்தினாள்: “கொள்ளளவிக்கு முழுப் பேரு!”

பஸ் போய்விட்டது. குடையும் மேரியிடம்.