அரிசி டிரம்மில் ஒரு சீதாக்காய்

செவ்வாய், இரவு.

மரத்தில் மிஞ்சிய ஒரே சீதாக்காய் அரிசி டிரம்முக்குள் பத்திரமாக இருக்கிறது. தகவல் தந்தவள் என் மனைவி சுமதி. அவள் நட்டு வளர்த்த மரத்தின் முதல் காய்ப்பு இது.

போன வாரமே அடுத்த வீட்டு நூர்ஜகான் அக்கா மதில் மேலாக எட்டிப் பார்த்து, "கண்ணு தொறந்துடுச்சு தம்பி, பறிச்சு அரிசில போட்டுடு" என்றார். காயின் புடைப்புகளுக்கு நடுவே வெளுத்தால் கண் திறந்ததாக அர்த்தமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பத்திரிகைக்குச் செய்தி எழுதியே வந்த பழக்கம். இன்று காலை எங்கள் ஊர்க் கோட்டையில் இருக்கும் குரங்குகள் இறங்கி வந்து மற்ற காய்களையெல்லாம் தின்றுவிட்டன.

"கொரங்குக்கே தெரிஞ்சிருக்குது, உனக்கு இன்னா இன்னும் விசாரணை?" என்று அக்கா கேட்டார். முகத்தைத் தூக்கி வைத்திருந்த சுமதியும் சிரித்துவிட்டாள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மிச்சத்தை அவளே பறித்தாள்.

குரங்கு உள்ள ஊரில் சீதாவை மரத்தில் பழுக்க விடக்கூடாது. இனி யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

பழுக்குமா என்பது வெள்ளிக்கிழமை தெரியும் என்கிறார் அக்கா. அதுவரை டிரம்மைத் திறந்து பார்க்க எனக்கு அனுமதி இல்லை.