கொடியில் தொங்கும் துப்பட்டிகள்

மே 9, வியாழன்

கத்திரி வெயில். மதிய வண்டியில் திருத்தணி. ஸ்டேஷனில் இருந்த ஜட்கா எல்லாவற்றையும் மொட்டையும் சந்தனமுமாக ஓர் ஆந்திரக் குடும்பம் பிடித்துக்கொண்டது. நடந்தே வந்தேன். அக்கா வீட்டுச் சாவி எதிர்வீட்டில். உள்ளே பூட்டிக் கிடந்த வாடை. பக்கத்து வீட்டில் விசைத்தறி போட்டிருக்கிறார்கள். தூக்கம் போச்சு.

வந்த வேலை: அக்காவை அந்த நர்சிங் ஹோமிலேயே விடலாமா, கூடாதா. தணிகாசலம் (இனி த.) ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறான். அரக்கோணத்திலிருந்து நாக்பூருக்கு மாற்றல். பெற்ற பிள்ளை அவன். முடிவு மட்டும் என்னுடையது. "நீங்க படிச்சவங்க சித்தி. ஒரு தபா பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சிடும்." படித்தது விலங்கியல்.

என்னோடு அழைத்துப் போகலாம். சென்னையில் எனக்கு மாடி அறை. காலையில் போனால் மாலைவரை கல்லூரி. இடுப்பு எலும்பு முறிந்து நடக்க முடியாதவளை யார் பார்ப்பது? பதிலே இல்லாத கேள்வியை எத்தனை முறை எழுதுவது.

சாயங்காலம் போனேன். மலைப்படிக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது. முன்பக்கம் பிரசவக் கேஸ்கள். பின்னால் ஒரு நீளக் கூடம், வயதான பெண்களுக்கு. ஆறு கட்டில். அக்கா ஜன்னலோரம்.

பையில் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் இதையும்:

வாடை – பினாயில் மட்டும். மூத்திர நாற்றம் துளியும் இல்லை. எதிர்பார்க்கவில்லை.
படுக்கை – உலர்ந்து, சுத்தம். பொதுத்துணி கிடையாது, அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த துப்பட்டிதான் விரிக்கிறார்கள். தொற்றுப் பயம் இல்லை. நல்ல ஏற்பாடு.
தண்ணீர் – கட்டிலுக்கொரு மண்கூஜா, மூடி, டம்ளர். கைக்கெட்டும் தூரத்தில்.
முதுகு – புண் இல்லை. நானே புரட்டிப் பார்த்தேன். அக்காவுக்குக் கோபம்.
ஆள் – பகலும் இரவும் ஒரே ஆயா, மங்கம்மா. குறை.
சாப்பாடு – நாளை.

முதல் வகுப்பு கொடுக்க வேண்டிய தாள்தான். ஆனாலும் மனசு நிற்கவில்லை. அக்காவின் உதடு வெடித்திருக்கிறது. கேட்டால் வெயில் என்கிறாள். "எல்லாம் நல்லாத்தான் கீது. நீ ஊருக்குப் போயி உன் வேலையப் பாரு." கேட்டு முடிப்பதற்குள் வந்த பதில். அவ்வளவு வேகமாக வருவது மனப்பாடம் செய்த பதிலாகத்தான் இருக்கும்.

மே 10, வெள்ளி

சொல்லாமல் கொள்ளாமல் விடிகாலையில் போனேன், ஏதாவது அகப்படும் என்று. ஒன்றும் அகப்படவில்லை. மங்கம்மா ஒவ்வொருத்தியாகத் துடைத்து, பவுடர் போட்டு, தலை வாரிக்கொண்டிருந்தாள். அவசரம் இல்லாத கை. அடுத்த கட்டில் கன்னியம்மாவுக்கு நாக்கு நீளம். "இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாங்க. வாயத் தொறந்து காட்டுங்கடி, பல்ல எண்ணிக்கட்டும்." கூடம் முழுவதும் சிரிப்பு. அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரோட்டுக்கு வந்தபிறகு வந்தது.

காலை இட்லி, சட்னி. மதியம் குழைந்த சோறு, ரசம், மோர். குறை சொல்ல முடியாது. அக்கா சோற்றைத் தின்றாள், ரசத்தைத் தொடவில்லை. மோரையும் தள்ளிவிட்டாள். செம்புச் செம்பாக மோர் குடிக்கிறவள்.

விளக்கு வைக்கும் நேரம் மறுபடி போனேன். கூஜாவைத் திறந்து பார்த்தேன். காலையில் மங்கம்மா விளிம்புவரை ஊற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இப்போதும் விளிம்புவரை. மற்றவர்களுடையதும் ஏறக்குறைய அப்படியே, கன்னியம்மாவுடையது தவிர. அக்காவை நாக்கை நீட்டச் சொன்னேன். காய்ந்த அட்டை மாதிரி. நீர் போகும்போது எரிகிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காத." கொஞ்ச நேரம் கழித்து என்னை அம்மாவின் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு முறை. பயந்துவிட்டேன்.

அப்புறம் எல்லாம் விளங்கியதுபோல் இருந்தது. ஒரே ஆயா. துவைக்கிற வேலை குறைய வேண்டும். கூஜா பார்வைக்கு மட்டும்; குடிக்க விடாவிட்டால் ராத்திரி படுக்கை நனையாது. அந்த உலர்ந்த படுக்கைக்குத்தான் நான் நேற்று மார்க் போட்டேன்.

கிணற்றடியில் மங்கம்மாவை நிறுத்திக் கேட்டேன், கடுமையாகவே. துணியைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னாள். "நான் தண்ணி குடுக்கலன்னு எந்த வாய் சொல்லிச்சி? காலையில ஊத்தறேன், மறுநாள் அப்படியே எடுத்துகினு போயி செடிக்குக் கொட்டறேன். உங்க அக்காதான, நீங்க குடிக்க வைங்க பாக்கலாம்."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. முகத்தை வைத்து எதையும் முடிவு செய்கிறவள் இல்லை நான். ஆனால் வேறு என்ன இருக்கிறது?

தறிச் சத்தம். விடைத்தாளை எடுத்து வைத்தேன். இரண்டு திருத்தியதும் மூடிவிட்டேன்.

மே 11, சனி

டாக்டரைப் பிடிக்க முன்னதாகவே போய் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். துணிக்கொடி முன்பக்கம், ரோட்டு வேலியை ஒட்டிக் கட்டியிருக்கிறது. ஒரே ஒரு துப்பட்டி தொங்கியது. கூடையோடு பஸ்ஸுக்குப் போகிற இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"இது கன்னியம்மா வூட்டுது. பச்சைக் கரை, நடுவுல மஞ்சக் கம்பி."

"ராத்திரி படுக்கைய நனைச்சிட்டாங்களா, பாவம்."

"வந்த புதுசுல தணிகாசலம் அம்மாவுது தொங்கிச்சி. அவங்க மருமக கிட்ட சொன்னேன். பாவம், தலைய குனிஞ்சிகினா."

போய்விட்டார்கள். குரலில் விஷம் இல்லை. மழை வருமா என்று பேசுகிற மாதிரிதான் பேசினார்கள்.

அப்படியே நின்றேன். வீட்டுக்கு வீடு தறி இருக்கிற தெருக்காரர்கள். எந்த வீட்டுத் துணிக்கு எந்தக் கரை என்பது இவர்களுக்குக் கையெழுத்து மாதிரி. அக்கா வீட்டுக் கரை அரக்கு, ஓரத்தில் இரட்டை வெள்ளைக் கோடு. அக்கா புருஷன், பாவா, உயிரோடு இருந்தபோது அவரே யோசித்துப் போட்டது. எனக்கும் தெரியும். வியாழக்கிழமை அதன்மேல்தான் உட்கார்ந்து 'அவரவர் வீட்டுத் துப்பட்டி, நல்ல ஏற்பாடு' என்று எழுதினேன்.

டாக்டர் வந்தார். வயசு, வெயில், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். கொடுக்கிறோம் என்றேன்.

அக்காவிடம் கேட்டேன். ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"மருமக வந்து சொன்னா. சம்பந்தி வூட்டுக்கே தெரிஞ்சிபோச்சாம். உங்க பாவா போட்ட கரை, பாப்பா. ரோட்டுல தொங்குது."

அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் சாகிறதா என்று கேட்டேன்.

"செத்தா யாரும் துணியப் பாக்கமாட்டாங்க."

மேட்ரனிடம் போனேன். சண்டைக்குத்தான் போனேன். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணம். சொந்தத் துப்பட்டி வேண்டும் என்று கேட்டதே குடும்பங்கள்தான். பின்பக்கம் புளியமர நிழல், துணி காயாது, காக்கை எச்சம் வேறு. மாடியில் கொடி கட்டலாம், மங்கம்மாவுக்கு முழங்கால் வலி. எல்லோருக்கும் ஒரே மாதிரித் துப்பட்டி போட்டால் என்ன என்றேன். வாங்கிக் கொடுத்தால் போடுகிறோம் என்றாள்.

பஜாரில் வெள்ளைதான் கைக்கு வந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். கன்னியம்மா பார்த்தாள். "வெள்ளையா? அப்படியே சுத்தித் தூக்கிகினு போறதுக்குத் தோதா வாங்கிகினு வந்தியா?" அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடி கடை. நம் ஊர்ச் சரக்கு இருக்கும்போது ஈரோட்டுச் சரக்கு எதற்கு என்று கடைக்காரருக்கு வருத்தம். எனக்கு இந்த ஊர்க் கண்ணுக்குப் பழகாதது வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. நீலக் கட்டம், எல்லாம் ஒரே அச்சு. நெசவுக்காரத் தெருவுக்கு வெளியூர்த் துணியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரி பார்த்தாள். கேட்கவில்லை. நாளைக்குக் கேட்பாள்.

மே 12, ஞாயிறு

காலையில் துணியின் கஞ்சி போக அலசிக் காயவைத்தோம். மதியம் எல்லாக் கட்டிலிலும் நீலக் கட்டம். அக்கா விரலால் தேய்த்துப் பார்த்தாள். "முரட்டு நூலு. நெருக்கமே இல்ல." வீட்டுத் துப்பட்டியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டம்ளரில் ஊற்றி நீட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்று விளக்கினேன். வகுப்பில் விளக்குகிற மாதிரி.

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கை வலித்தது.

கன்னியம்மாதான் பேசினாள். "குடி, தணிகாசலம் அம்மா. நாளைக்கு எது தொங்கினாலும் என்னுதுன்னு சொல்லிடறேன். எனக்கு மானம் போயி எத்தினி நாளாச்சி." சொல்லிவிட்டுத் தன் கூஜாவைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம். அக்காவின் வாய் ஓரம் அசைந்தது. கையை நீட்டினாள். பாதி குடித்தாள். அப்புறம் மீதியையும்.

எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அரக்கோணம் திரும்பும் ராத்திரி வண்டிக்குமுன் த. வந்தான். மூட்டை கட்டிய களைப்பு. "என்ன சித்தி, நல்ல இடந்தான? விட்டுட்டுப் போலாமில்ல?" நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். "நாளைக்கு சாமானெல்லாம் ஏத்தணும் சித்தி." நாளைக்கு என்றேன் மறுபடி. அவன்மேல் கோபம். அவன் என்ன செய்வான் என்றும் இருக்கிறது.

மே 13, திங்கள்

காலை வண்டியில் போயிருக்க வேண்டும். விடைத்தாள் இன்றைக்குப் போய்ச் சேர வேண்டியது. காத்திருக்கட்டும்.

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். படுக்கை மாற்றியாகிவிட்டது. நான் வந்தது தெரிந்ததும் ஒரே வார்த்தை.

"திருப்தியா?"

நனைந்த துப்பட்டி கிணற்றடியில் கிடந்தது. நானே துவைத்தேன். பிழியத் தெரியவில்லை. மங்கம்மா மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். முறுக்கினோம். முன்பக்கம் கொண்டுபோய்க் கொடியில் போட்டேன். ஏற்கெனவே அங்கே இரண்டு. மூன்றும் நீலக் கட்டம்.

கேட்டுக்கு உள்ளே நின்றேன். அதே பெண்கள், அதே கூடை. நின்றார்கள்.

"புதுசு போலக்கீது. யாரு நெசவு இது?"

"ஆங்? நம்மூருது இல்ல." ஒருத்தி முனையைத் தொட்டுப் பார்த்தாள். "நூலு முரடு."

அவ்வளவுதான். பஸ் வந்துவிட்டது என்று ஓடினார்கள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். கன்னியம்மா மட்டும், "நான் சொல்றதுக்கு ஒருத்தியும் கேக்கலியே" என்று வருத்தப்பட்டாள்.

மதியம் அக்கா நாக்கைக் காட்டினாள், கண்ணை மூடிக்கொண்டு. கொஞ்சம் ஈரம். என் பேரைச் சரியாகச் சொல்கிறாள், திட்டும்போது.

த.வுக்கு போஸ்டாபீஸிலிருந்து போன். இங்கேயே இருக்கட்டும், சனிக்கிழமைதோறும் நான் வருகிறேன் என்று சொன்னேன். நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது. எனக்கு அது வரவில்லை. நான் இல்லாத நாளில் மேட்ரன் பழைய துப்பட்டியையே விரித்துவிட்டால்? கன்னியம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவளைச் சிரிக்கவைக்க யார்? வியாழக்கிழமை மார்க் போட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எதை அடிப்பது, எதைத் திருத்துவது என்று தெரியவில்லை. நோட்டை மூடிப் பையில் போட்டேன்.

ஆறு மணிக்கு வண்டி. ஐந்து மணிவரை கட்டிலருகில். சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்வருகிறேன் என்றேன். பையை எடுத்துக்கொண்டு, கால் நகராமல், கூஜாவைப் பார்த்தபடி நின்றேன்.

"பாத்துகினே நிக்கிறியே. வாய் ஒணந்து போச்சி. ஊத்து."

பையைக் கீழே வைத்துவிட்டு ஊற்றினேன்.

"இன்னும் ஊத்து பாப்பா. என்னா, அளந்துகினு கீற."