மழைக்கென்று ஒதுக்கியது

அன்புள்ள ரமீஸாவுக்கு,

ஸலாம். விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள் என்றாய், அதனால் எழுதுகிறேன். நர்சிங் பாடமெல்லாம் புரிகிறதா?

குரங்கணிப் பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். நம் ஜீப்பு மறுபடியும் லோடு ஏற்றி மலைக்குப் போகிறது.

மண் சரிந்து ஒரு மாதம் வண்டி ஓடாமல் கிடந்தபோது, அதை விலைபேச வாசலுக்கே ஆள் வந்துவிட்டார். நீ போனில் சேமிப்புச் செயலியைத் திறந்து என்னிடம் நீட்டினாய்.

"வண்டியக் குடுக்க வேணாம் மச்சான். மழைக்குன்னு தனியா பணம் ஒதுக்கி வச்சிருக்கேன். வண்டித் தவணையக் கட்டிரலாம். என் படிப்புக்கு வச்சத மட்டும் தொட விடமாட்டேன்."

ஏலக்காய் தரம் பிரித்த கூலி கைக்கு வந்ததுமே, செலவுக்கு முன்னால் ஒரு பங்கை எடுத்து, அந்தச் செயலியில் மழைக்கு, படிப்புக்கு என்று பிரித்துப் போட்டிருக்கிறாய். விலைபேச வந்தவரே, "தங்கச்சி கெட்டிக்காரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்: உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

வீட்டில் ஒரு குறையும் இல்லை. ரசம் வைக்கப் பழகிவிட்டேன். உன் சத்தம்தான் இல்லை.

டீக்குச் செலவழிப்பதைக்கூட இப்போது அன்றன்றே போனில் பதிகிறேன். நேற்று ஜீப்பு வாடகை வந்ததும் முதல் வேலையாக, உன்னைப் பார்க்க வர மதுரை பஸ்சுக்கு ஒதுக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடுதி வாசலுக்கு வெரசா வந்துவிடு.

இப்படிக்கு,
உன் ஜீப்புக்காரன்