பேயைத் திட்டும் பூக்கார அக்கா

ஜூலை 7, திங்கள்

கிள்ளான் ரயிலில் இன்று உட்கார இடம் கிடைத்தது. சுபாங் தாண்டுவதற்குள், திரையில் நான் வரையும் பூக்காரப் பொம்மையின் கை அசைந்துவிட்டது! இரண்டு வாரமாகப் பூக்கட்டும் கை ஈ ஓட்டுவது போலவே இருந்தது. இன்று தோளை ஒரே ஒரு பிக்சல், ஒரு புள்ளி, கீழே இறக்கினேன். அவ்வளவுதான், நூலைச் சுண்டி இழுக்கிறாள். விரலே கிடையாது, ஆனால் இழுப்பது தெரிகிறது. பக்கத்து ஆன்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

வரைந்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிட்டேன். ‘பிரிக்பீல்ட்ஸ் தெரு’: ஐந்தடி நடைபாதை, வடைக்கடை, பூக்கடை, பூக்கார அக்கா, ஒரு பூனை. கேம் செய்கிற யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். யாராவது எடுப்பார்களா?

ஜூலை 13, ஞாயிறு

எடுத்தார்கள்!

அம்பாங்கில் நுஃமான் என்று ஒருவர், தனி ஆளாக கேம் செய்கிறவர். “சிஸ், உங்க பூக்கார அக்காவ ஹீரோயினா வெச்சு ஒரு கேம் பண்ணிருக்கேன். ஆடிப் பாருங்க” என்று அனுப்பியிருந்தார். என் நடைபாதையில் என் அக்கா ஓடுகிறாள்! மாலையை வீசிப் பேய்களைப் பிடிக்கிறாள். பேய் தொட்டால் பொத்தென்று விழுந்து ஆட்டம் முடிகிறது. மத்தியானம் முழுக்க விழுந்து விழுந்து ஆடினேன். சோறு ஆறிப்போனது.

ஜூலை 14, திங்கள்

கிளினிக்கில் என்னோடு வேலை செய்யும் சஹரிடம் ஆடிக் காட்டினேன். பார்த்ததும், “ஏய் தாமரை, இது எதிர்க்கடை புஷ்பவல்லி அக்கா இல்ல? அதே மூக்குத்தி, அதே பச்சைச் சேலை!” என்றாள்.

இத்தனூண்டு பொம்மையில் அடையாளம் தெரிகிறதா! ஒரு நிமிடம் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிடம் போனைக் கவிழ்த்து வைத்தேன். முன்மேசையில் உட்கார்ந்தபடி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துப் பார்த்து வரைந்தவள் நான். ஒரு வார்த்தை கேட்டேனா?

ஜூலை 15, செவ்வாய்

சொல்லலாமா, பேசாமல் எடுத்துவிடலாமா? எடுத்தால் நுஃமானின் கேம் என்ன ஆகும்? ஐயோ.

ஜூலை 16, புதன்

சொல்லிவிட்டேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். நுஃமானின் கேம் ஓடியது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்னைக் கேக்காம போட்டியா?”

“ஆமாக்கா. தப்புதான். வேணாம்னா இப்பவே எடுத்துடுறேன்.”

மறுபடியும் பார்த்தார். பேய் தொட்டது, பொம்மை விழுந்தது.

“இது என்னா? தொட்டதும் விழுந்துடுறேன்? குடிகாரப் பய வந்து கடையையே கவுத்தப்பகூட நான் விழலடி. பேயெல்லாம் எனக்கு எம்மாத்திரம் லா!”

“அப்ப… எடுத்துடவா?”

“எடுக்காத. விழுறத மாத்து.”

எப்படி மாற்றுவது என்றும் அவரே காட்டினார். ஒரு கை இடுப்பில், இன்னொரு கையில் கத்தரிக்கோல், தலையை ஒரு வெட்டு வெட்டி, “போடா அந்தாண்ட!” மாலை வாங்க வந்தவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பா, நிம்மதியா, தெரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பூக்கடையில் கூட்டம் நெரிகிறது. கூட்டத்துக்கு மேலாக அக்கா குரல்: “மாத்திட்டியா?” அக்கா திட்டும் அசைவுக்கு ரயிலில் இரண்டு படம் வரைந்து முடித்தேன். கத்தரிக்கோல் கரண்டி மாதிரி இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

கத்தரிக்கோல் கத்தரிக்கோலாகிவிட்டது! அனுப்பிய கொஞ்ச நேரத்தில் நுஃமான் போன் செய்தார். “சிஸ், விழுற சீனையே தூக்கிட்டேன் லா. இப்ப அக்கா திட்டினா பேய் ஓடுது. எங்க வீட்டுல எல்லாரும் பேயவிட அக்காவுக்குத்தான் பயப்படுறாங்க!”

ஜூலை 22, செவ்வாய்

புஷ்பவல்லி அக்கா தானே ஆடினார். பேய் ஓடியதும், “ம்ம். இப்ப சரி” என்றார். கட்டி வைத்திருந்த மல்லிகையில் ஒரு முழம் வெட்டி என் தலையில் வைத்துவிட்டார். பக்கத்து வடைக்கடை தம்புசாமி அங்கிள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். “என் கடைய மட்டும் போட்டுட்டு என்னைய விட்டுட்டியேம்மா?”

ஆகஸ்ட் 1, வெள்ளி

இந்த முறை அங்கிளிடம் கேட்டுவிட்டுத்தான் வரையத் தொடங்கினேன். பெரிய வயிறு, தோளில் துண்டு, நல்ல வெள்ளை முடி. அந்த வெள்ளைக்காகவே ஒரு நிறத்தை ஒதுக்கினேன். “நாளைக்கு ஒழுங்கா நிக்கிறேன்” என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

அரை நாள் வேலை முடிந்து போனேன். வடைச் சட்டியை மனைவியிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நின்றார் அங்கிள். தலை கன்னங்கரேல் என்றிருந்தது. காதோரம் சாயம் இன்னும் காயவில்லை.

வெள்ளையை அழித்துவிட்டுக் கறுப்பை எடுத்தேன்.